பிரான் கோட்டையோடு பேருந்தைத் திருப்பிவிடாதீர்கள்

ருமேனியாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் தமிழ் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். காலையில் ‘டிராகுலா கோட்டை’, மதியம் பிரஷோவ் நகரின் கறுப்புத் தேவாலயம், பிறகு கடைவீதி. உங்கள் திட்டங்களில் பிரஷோவ் பெரும்பாலும் இவ்வளவுதான். பிரான் கோட்டைக்கும் டிராகுலாவுக்கும் உள்ள உறவு விளம்பரத்தோடு சரி. 1377-இல் ஹங்கேரி மன்னர் முதலாம் லூயியிடம் அனுமதி பெற்று, பிரஷோவில் குடியேறியிருந்த சாக்சன் ஜெர்மானியர்கள் தங்கள் சொந்தச் செலவில் எழுப்பிய கணவாய்க் காவல் அது. நகரத்தின் பாதுகாப்பில் அது ஒரு மூலை. இன்னொரு மூலை, நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், புஸவு கணவாய்ப் பாதையில் இருக்கும் பிரெஷ்மெர் கிராமத் தேவாலயம். அதைத் திட்டத்தில் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1421-இல் ஒட்டோமான் துருக்கியரின் படை பிரஷோவைச் சுற்றியுள்ள சமவெளியைச் சூறையாடியது. நகரத்துக்காரர்கள் மதிலை வலுப்படுத்தினார்கள். நெசவாளர் கொத்தளம் போல ஒவ்வொரு கைவினைஞர் சங்கத்தின் பொறுப்பிலும் ஒரு கொத்தளம். கிராமத்தில் என்ன செய்வது? இந்தச் சாக்சன் குடியானவர்களுக்கு மேலே நிலப்பிரபு கிடையாது. ஓடி ஒளிய அரண்மனையும் கிடையாது. ஊரிலிருந்த பெரிய கல் கட்டடம் தேவாலயம்தான். அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள்.

பிரெஷ்மெர் மதில் வட்டமானது. உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். தடிப்பு 3 மீட்டருக்குக் குறையாது. வெளியே அகழி இருந்தது. நுழைவாயில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள வளைகூரைச் சுரங்கம் போன்ற பாதை. நடுவில் மேலிருந்து இறங்கும் கனத்த மரக் கிராதிக் கதவு. முன்கதவை உடைத்து நுழைந்தவன் இருட்டில், இடுக்கில், அடுத்த கதவின் முன் மாட்டிக்கொள்வான்.

உள்ளே போனதும் நிமிர்ந்து பாருங்கள். மதிலின் உட்புறத்தில் நான்கு அடுக்குகளில் ஏறத்தாழ 270 அறைகள், மர ஏணிப்படிகள், எண்ணிட்ட சிறு கதவுகள். குடும்பத்துக்கு ஓர் அறை. சமாதான காலத்தில் அதில் தானியம் இருக்கும். மணி அடித்தால் அதே அறையில் பிள்ளைகுட்டிகளோடு குடியேற வேண்டியதுதான். முற்றுகை நீண்டாலும் படிப்பு நிற்காமலிருக்கப் பள்ளி அறையும் உண்டு. மேலே, கூரைக்கடியில் மதிலைச் சுற்றிவரும் காவல் நடை. அதில் சுடுதுளைகளும், அடியில் நிற்பவன் தலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதற்கான வாய்களும் இருக்கின்றன. ‘மரண ஆர்கன்’ என்ற கருவியைத் தவறவிடாதீர்கள்: சுழலும் கட்டையில் வரிசையாகப் பல துப்பாக்கிக் குழல்கள், ஒரு பக்கம் சுடும்போது மறுபக்கத்தில் மருந்து கெட்டிப்பார்கள்.

இவ்வளவு எளிய அமைப்பு எப்படித் தாங்கியது என்று உங்கள் பயணிகள் கேட்பார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் குதிரையில் விரைந்து வந்த கொள்ளைப் படையினர். அவர்களுக்கு வேண்டியது அடிமைகள், மாடு, தானியம். கனரகப் பீரங்கியை இழுத்து வருவதில்லை, வாரக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. ஆகவே மதில் சில நாட்கள் நின்றால் போதும். ஆளும் பொருளும் உள்ளே போய்விட்டால், நகரத்தை முற்றுகையிடுபவனுக்குச் சுற்றுவட்டாரத்தில் தீனியும் கிடைக்காது. ஆனால் முறையான படையும் பீரங்கியும் வந்தால் உயரமான, செங்குத்தான மதில் வசதியான இலக்கு. 1611-இல் பிரெஷ்மெரைக் கைப்பற்றியவர் சுல்தான் அல்லர்; இந்த வட்டாரமான திரான்சில்வேனியாவின் சொந்த இளவரசர் காபிரியேல் பாத்தோரி!

போகும்போது ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முதலில் வெளியே நின்று மதிலைக் காட்டிவிட்டுப் பிறகு உள்ளே அழைத்துச் செல்லுங்கள். நேரே தேவாலயத்துக்குள் போனால் அமைப்பே புரியாது. காவல் நடை இருட்டு, தரை மேடுபள்ளம், சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். கையில் டார்ச், காலில் பிடிப்புள்ள ஷூ. முழங்கால் வலி உள்ளவர்களை முற்றத்திலேயே உட்கார வையுங்கள், அறை வரிசை அங்கிருந்தே தெரியும். வழியில் ஹர்மன் கிராமமும் வரும். அங்கே கோபுரச் சிற்றாலயத்தில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்கள். கேமரா பிளாஷ் வேண்டாம்.

பிரெஷ்மெருக்கு 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இதுபோல மதில் சூழ்ந்த மற்ற சாக்சன் தேவாலயங்களின் நிலை வேறு. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு சாக்சன் குடும்பங்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். கூரை ஏறி ஓடு மாற்ற ஆளில்லை. ஓர் ஓடு நகர்ந்தால் மழைநீர் சுவரின் உட்புறக் கல்-சுண்ணாம்பு நிரப்புக்குள் இறங்கும். குளிரில் உறைந்து விரிந்து கல்லைப் பெயர்க்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மோசம். 2016 பிப்ரவரியில், சில நாட்கள் இடைவெளியில், ரோட்பாவ், ரோதேஷ் கிராமத் தேவாலயங்களின் கோபுரங்கள் இடிந்து விழுந்தன.

எனவே நுழைவுக் கட்டணத்தைப் பயணச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். ‘வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்’ என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்து, திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோட்டைக் கட்டடக்கலை ஆர்வலர்கள்