5ஜிக்கு மாற்றுகிறேன் என்று சிம்மை மாற்றிவிட்டு 2ஜியில் தள்ளியது பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் பிரீபெய்டு வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சிம் மாற்றி 19 நாளாகியும் 5ஜி வராதது, இருந்த 4ஜி அழைப்பும் போனது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தினம் 2 ஜிபி உள்ள உங்கள் 84 நாள் திட்டத்தை, 5ஜிக்காகவே போட்டேன். பழைய சிம்மை மாற்றினால்தான் 5ஜி எடுக்கும் என்று உங்கள் கடலூர் கடையில் சொன்னார்கள். ஆதார், கைரேகை, ஓடிபி எல்லாம் கொடுத்து மாற்றினேன். அன்று முதல் தொல்லைதான்.

போனைக் குறை சொல்லிவிடாதீர்கள். 5ஜிக்கு வேண்டிய என்78 அலைவரிசை (பேண்டு) உள்ள போன். சாப்ட்வேர் அப்டேட் போட்டாயிற்று. நெட்வொர்க் வகை 5ஜி ஆட்டோவில் இருக்கிறது. ஏபிஎன் என்ற இன்டர்நெட் செட்டிங்கை ரீசெட் செய்து, இரண்டு ஸ்லாட்டிலும் சிம்மை மாற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. பக்கத்துக் கடைக்காரரிடம் இருப்பதும் உங்கள் சிம்தான். அதை என் போனில் போட்டால் நின்ற இடத்திலேயே 5ஜி குறி வருகிறது. என் சிம்மை அவர் போனில் போட்டால் வரவில்லை. ஆகவே கோளாறு போனிலும் இல்லை, டவரிலும் இல்லை. சிம் மாற்றும்போது என் எண்ணுக்கு 5ஜியையும் வோல்ட்டியையும் (4ஜியிலேயே பேசும் வசதி) உங்கள் சர்வரில் திறந்துவிடவில்லை. அதனால்தான் யாருக்காவது டயல் செய்ததும் மேலே 4ஜி மறைந்து 2ஜிக்கான எட்ஜ் குறி விழுகிறது. பேசி முடிக்கும்வரை நெட் கிடையாது. லைனில் இருக்கும் ஆளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூட அனுப்ப முடியவில்லை.

இதைக் கடலூர் கடையில் சொன்னதற்கு, "நம்பர் பாண்டியில வாங்கினது, அங்கதான் சரிபண்ணுவாங்க" என்று அனுப்பினார்கள். புதுச்சேரியும் கடலூரும் ஒரே தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம் என்பது உங்கள் ஆட்களுக்கே தெரியாதா? வேலையை விட்டுவிட்டு புதுச்சேரி நேரு வீதிக் கடைக்குப் போய், டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டாவது கவுன்ட்டரில் இருந்தவர் என் போனைக் கையில்கூட வாங்கவில்லை. "இந்தப் போனுக்கெல்லாம் 5ஜி கேக்குறீங்களா? வேற போன் வாங்கிட்டு வாங்க" என்றார். பத்துப் பேர் முன்னால். சிம்மை மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன் என்றதற்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

இன்னொன்று. சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பது பாதுகாப்புக்கான விதி, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? வங்கி ஓடிபி வராமல் சரக்குக்குப் பணம் கட்ட முடியாமல் அன்றே என் தொழில் கவிழ்ந்தது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் தொழிலில் எனக்கிருந்த நல்ல பெயர் திரும்பாது.

கஸ்டமர் கேரில் இரண்டு முறை புகார் எண் வாங்கினேன். இரண்டுமே "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டன. யார் தீர்த்தது?

தயவுசெய்து என் எண்ணுக்கு 5ஜியும் வோல்ட்டியும் திறந்துவிடுங்கள். வீணான 19 நாளை வேலிடிட்டியில் சேர்த்துக் கொடுங்கள். அந்த இரண்டாவது கவுன்ட்டர்க்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை விடப் போவதில்லை.

மூன்று வேலை நாளில் நடக்காவிட்டால் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன். 39 நாளில் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவேன். கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. சிம் மாற்றிய பிறகு எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றக்கூடாத 7 நாளும் முடிந்துவிட்டது. கம்பெனி மாற 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பல வருட வாடிக்கையாளர் என்பதால்தான் இன்னும் பொறுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: என்னை அழைப்பவர் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டாம். சர்வரில் என் எண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அழைக்கச் சொல்லுங்கள்.