பலகையிலிருந்து இறங்கிய மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

போன ஞாயிறு உன் அம்மா வீட்டில், நீ டைவிங் கோச் ஆகலாமே என்றேன். பிரியாணி மேல் டால் ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "கோச் வேலையா? குதிக்க முடியாதவங்க செய்யறது மாமா அது." என் வாய் நிறையச் சோறு, பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தோள் போய்விட்டது, போட்டியை விட்டாய். சரி. 10 மீட்டர் மேடையிலிருந்து இறங்குபவர் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார். அந்த அடியை முதலில் வாங்குவது கைகளும் தோளும்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் நீ 105பி என்ற குதிப்பைப் பழகிய மாதங்களை மறந்துவிட்டாயா? மூன்று மீட்டர் பலகை, முன்பக்கமாக இரண்டரைக் குட்டிக்கரணம், முழங்கால் மடங்கக்கூடாது. சுற்றும்போது கூரை எது, தண்ணீர் எது என்றே தெரியவில்லை என்று காரில் அழுதாய். ஓரத்தில் நின்ற உன் கோச் "அவுட்!" என்று கத்துவார்; அந்தச் சத்தத்துக்குத்தான் நீ உடம்பை விரிப்பாய். ஒரு நாள் அவர் குரல் இம்மி தாமதம், முதுகு முழுக்கச் சிவந்து வந்தாய். அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் கத்தவேயில்லை. நீ கவனிக்கவில்லை, தானாகவே விரித்துப் போய்த் தண்ணீருக்குள் ஊசி மாதிரி இறங்கினாய். மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் அவர் வேலை புரிந்தது.

அந்த வருடப் போட்டியில் ஏழு நடுவர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு மதிப்பெண் கழிந்து, மிச்சம் 7, 7, 7.5. அவற்றைக் கூட்டி, கடினத்துக்கான 2.4 ஆல் பெருக்கினால் 51.6. நீ மதிப்பெண் பலகையில் எண்ணைப் பார்த்தாய். நான் உன் கோச்சைப் பார்த்தேன். நீ காற்றில் விரிந்த அதே நேரத்தில் அவர் கைகளும் விரிந்திருந்தன.

எனக்கு அப்படி ஓரத்தில் நிற்க ஆள் இல்லை. 1960களில் இங்கே டர்பனில், தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு இந்தியர்களான எங்களைக் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பியது. கடற்கரையோரக் குளங்கள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். பொது இடங்களை இனம் பார்த்துப் பிரித்த, 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் ஒழிந்தது. அதற்குள் எனக்குத் தொப்பை வந்துவிட்டது! நாங்கள் உம்லட்டுசானா ஆற்றுப் பாறையிலிருந்து குதித்தோம். தலைகீழாகப் போக நினைத்து வயிற்றை அறைந்துகொண்டு வருவேன், ஆயா மஞ்சள் பூசுவாள். என்ன தப்பு என்று கடைசி வரை தெரியவில்லை.

சாமி லீ என்ற பெயரை உனக்குச் சொல்லியிருக்கிறேன். கலிபோர்னியாவில் பிறந்த கொரியக் குடும்பத்துப் பையன். பாசடீனாக் குளத்தில் வெள்ளையரல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் இடம், அது முடிந்ததும் தண்ணீரை மாற்றுவார்கள். மற்ற நாட்களில் கோச் தோண்டிய மணல் குழியில் குதித்துப் பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கிலும் 10 மீட்டரில் தங்கம். டாக்டர் வேறு. குதிப்பதை நிறுத்திய பிறகு ஓரத்துக்கு வந்து நின்றார். 1976 மான்ட்ரியலில் கிரெக் லுகானிஸ் 16 வயதில் வெள்ளி வாங்கியபோது கோச் அவர்தான். இரண்டு தங்கம் வைத்திருந்தவரை "முடியாதவர்" என்பாயா?

உனக்குப் பொறுமை குறைவு, அது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் பலகை நுனியில் நின்று இருபது நிமிடம் அழுவார்கள். நீயே நாற்பது நிமிடம் அழுதாய், நான் கடிகாரம் பார்த்தேன்.

சனிக்கிழமை கிங்ஸ் பார்க் குளத்துக்கு வருகிறேன், பிள்ளைகளைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம், வா. ஒரு சந்தேகம்: நீயும் "அவுட்" என்றுதான் கத்துவாயா? "விடு!" என்றால் இன்னும் சீக்கிரம் வாயில் வரும் போலிருக்கிறது.

அன்புடன்,
மாமா