'எம்' என்றால் எத்தனை சைபர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார வணிகப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் விற்பனை '1.2 பில்லியன் டாலர், அதாவது 12 கோடி டாலர்' என்று வந்திருந்தது. 120 கோடி என்று இருந்திருக்க வேண்டும். மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. பெரும்பாலும் சைபர் தொலைவது ரூபாய்க்கு மாற்றுவதையும் சேர்த்து ஒரே மூச்சில் போடும்போதுதான். முதலில் கோடியாக்கிக்கொண்டு, பிறகு டாலர் மதிப்பால் பெருக்க வேண்டும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், 2.5 பில்லியன் டாலர் என்பது 250 கோடி டாலர். 85-ஆல் பெருக்கினால் 21,250 கோடி ரூபாய்.

சுருக்க எழுத்துகள் இதைவிடத் தொல்லை. இணையத்தில் 'கே' ஆயிரம், 'எம்' மில்லியன். அமெரிக்க நிதி, எரிவாயு வட்டாரங்களில் 'எம்' பல இடங்களில் ரோமன் எண்ணின் ஆயிரம். மில்லியனுக்கு 'எம்எம்' என்று இரட்டிப்பார்கள். அங்கே எரிவாயு விலையில் 'எம்சிஎஃப்' என்றால் ஆயிரம் கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர் இருப்பில் வரும் 'எம்சிஎஃப்டி' பத்து லட்சம் கன அடி. அதே எழுத்து, அதே கன அடி, ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 'டி'யும் லேசுப்பட்டதல்ல. பங்குச் சந்தைச் செய்தியில் டிரில்லியன், டிஎம்சியில் (ஆயிரம் மில்லியன் கன அடி) வெறும் ஆயிரம். மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சி, 9,347 கோடி கன அடி. 'சிஆர்' நிறுவன முடிவுகளில் கோடி, பாஸ்புக்கில் வரவு.

காலாண்டு முடிவு அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அலகு. 100 கோடி ரூபாய்க்கு மேல் மொத்த வருமானம் உள்ள நிறுவனம் லட்சம், மில்லியன், கோடி என எதில் வேண்டுமானாலும் கணக்குக் காட்ட 2013 கம்பெனிகள் சட்டம் இடம் தருகிறது. ஒரே துறையின் இரு நிறுவனங்களை ஒப்பிடும் கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

யூடியூப் சந்தாதாரர் எண்ணிக்கையில் முதல் மூன்று இலக்கம் மட்டுமே தெரியும், மீதி வெட்டப்படும். 12,39,999 பேர் இருந்தாலும் '1.23 எம்' தான். ஆகவே 'சரியாக 12,30,000 பேர்' என்று அச்சிடாமல், '12.3 லட்சத்துக்குக் குறையாமல்' என்று எழுதலாம்.

பழைய பிரிட்டிஷ் ஆவணங்களில் இன்னொரு பொறி உண்டு. 1974-க்கு முன் அந்நாட்டு அரசுப் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் இன்றும் அதுதான் கணக்கு.

செய்தியில் கோடி என்று திருத்திவிட்டு, செய்தி முகமை அனுப்பும் வரைபடத்தை மட்டும் 'பிஎன்' (பில்லியன்) என்று அப்படியே விடுகிறீர்கள். அதையும் கோடிக்கு மாற்றி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தணிக்கையாளர்,
ஈரோடு