கையெழுத்து வைக்க முன் இதை வாசி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. முன் அறையில் வெளியே தள்ளி வளைந்து நிற்கிற பே யன்னலில் மூன்று கண்ணாடி மங்கிப்போய் இருக்கிறது, மேல் படுக்கையறை யன்னல் இறுகித் திறக்க முடியவில்லை, குசினியில் காற்று வருகிறது என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை ஒரு யன்னல் விற்பனையாளர் வீட்டுக்கு வருகிறார் என்றும் சொன்னாய். வரட்டும், பார்க்கட்டும், விலை சொல்லட்டும். ஆனால் அன்றைக்கு எதிலும் கையெழுத்து வைக்காதே பிள்ளை.

முதலில் எது உண்மையான பழுது என்று பிரித்துப் பார். மங்கலை விரலால் துடை. உள்பக்கம் துடைக்கப் போய்விட்டால் அது சமையலாலும் குளியலாலும் ஹீட்டரில் காயப்போடும் உடுப்பாலும் வருகிற ஈரம். புது யன்னல் போட்டாலும் அது முழுதாக நிற்காது. விடியற்காலையில் வெளிப்பக்கம் படிந்து வெயில் ஏற மறைந்தால் அது குறையே இல்லை. வீட்டுச் சூடு வெளிக்கண்ணாடி வரைக்கும் போகவில்லை என்றுதான் அர்த்தம். எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாமல் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நிற்கிறதே, அதுதான் பழுது.

அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். இரண்டு கண்ணாடிக்கும் இடையில் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய பட்டி ஓடும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் சிறு சிறு துளைகள் தெரியும். இரண்டு கண்ணாடியும் சேர்ந்த தொகுதியைத்தான் யூனிட் என்பார்கள். சில யூனிட்டுகளில் செய்த நிறுவனத்தின் பெயரும் திகதியும்கூட அச்சடித்திருக்கும். அந்தப் பட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள் இருக்கின்றன. ஓரத்து ஒட்டுப்பசை விட்டுப்போனால் ஈரக்காற்று உள்ளே போகும். மணிகள் தாங்குமட்டும் தாங்கும். அவை நிரம்பிய பிறகு கண்ணாடி மங்கும். பசை காலத்துக்கு முன் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். பிரேமின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று நீளத் துளைகள் விட்டிருப்பார்கள். அவை பாசியாலும் மண்ணாலும் அடைத்தால் யூனிட்டின் அடிப்பக்கம் நாள்முழுக்கத் தண்ணீரில் ஊறும். ஐஸ்கிறீம் குச்சியால் துளைகளைக் குத்தித் துப்புரவாக்கிவிட்டு, யன்னல் கதவைத் திறந்து, பிரேமின் கீழ்க் கானுக்குள் ஒரு கப் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார். வெளியே வடிய வேண்டும்.

பிரேம் நேராக, மூலைகள் வெடிக்காமல் இருந்தால் கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம். முழு யன்னலுக்கு ஆகும் காசில் ஒரு பங்குதான் முடியும், யன்னல் விதிப்படி மாற்றப்பட்டது என்று காட்டுகிற ஃபென்சா பத்திரமும் அதற்குத் தேவையில்லை. பிணைச்சல், கைபிடி, உள்ளே இருக்கிற பூட்டுக் கம்பி, ரப்பர் பட்டி எல்லாம் தனித்தனியாக வாங்கலாம். குசினி யன்னலுக்கு ஒரு சோதனை செய்: ஏ4 தாளொன்றை இடையில் வைத்து யன்னலைப் பூட்டி, தாளை இழு. இலேசாக வழுகி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது, இல்லையென்றால் பிணைச்சல் தேய்ந்து கதவை இறுக்கி இழுக்கவில்லை. நாலு பக்கமும் அப்படிப் பார். படத்தில் பார்த்த அளவில் குசினி யன்னலுக்குப் புதுப் பிணைச்சலும் ரப்பரும் போதும்.

பே யன்னல் கதை வேறு. 1930களில் கட்டிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய அரை வீடுகளில் அந்த வளைவின் மூலைகளில் நின்ற மரத்தூண்கள் யன்னலுக்காக மட்டும் நிற்கவில்லை. மேல்மாடி யன்னலையும் கூரையின் ஒரு பங்கையும் அவைதான் தாங்கின. பிறகு மரத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பிரேம் போட்டபோது சிலர் உள்ளே தூண் வைக்காமலே விட்டுவிட்டார்கள். வெற்று பிளாஸ்டிக் அந்தப் பாரத்தைத் தாங்காது. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். உன் படத்தில் அடிப்பலகை நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, மேலே பூச்சில் சாய்வாக ஒரு வெடிப்பு, அதற்கு நேர் மேலே இறுகிப்போன படுக்கையறை யன்னல். மூன்றும் ஒரே காரணத்தால் வந்தவையாக இருக்கலாம். ஆகையால் அங்கே கண்ணாடியை மட்டும் மாற்றினால் காசு வீண்.

வருகிற ஒவ்வொருவரிடமும் கேள்: பே போல், அதாவது பாரம் தாங்கும் தூண், போடுவீர்களா, அது எதன்மேல் நிற்கும்? மூலைகளுக்குள் அலுமினியம் அல்லது இரும்புத் தூண் வர வேண்டும். மேலும் கீழும் பாரம் பரவத் தட்டு இருக்க வேண்டும். கீழ்த்தட்டு பிளாஸ்டிக் அடிப்பலகையில் நில்லாமல் செங்கல்லில் நிற்க வேண்டும். பழையதைக் கழற்றும் நேரம் மேல்பாரத்தை அக்ரோ என்கிற இரும்பு முட்டுகளால் தாங்கிப் பிடிக்க வேண்டும். "ஃபோம் அடித்தால் இறுகிவிடும்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடு. மற்ற யன்னல்களுக்கு மேலே வெளியில் நின்று பார். செங்கற்களின் இடையே படிக்கட்டுபோல வெடிப்பு ஏறியிருந்தால் அங்கே லிண்டல், அதாவது யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம், இல்லை என்று சந்தேகப்படு. லிண்டல் தேவைப்பட்டால் எவ்வளவு என்று விலைத்தாளிலேயே எழுதுவி. வேலை நடுவில், சுவர் திறந்து கிடக்கும்போது, விலை பேச உனக்குப் பலம் இருக்காது.

என்ன கண்ணாடி கேட்பது? 28 மில்லிமீற்றர் யூனிட்: 4 கண்ணாடி, 20 இடைவெளி, 4 கண்ணாடி. நடுவில் ஆர்கன் வாயு, உள்கண்ணாடியில் சூட்டைத் திருப்புகிற லோ-ஈ பூச்சு, ஓரத்தில் அலுமினியத்துக்குப் பதிலாக சூட்டை அதிகம் கடத்தாத வோர்ம் எட்ஜ் பட்டி. இங்கிலாந்தில் 2022 ஜூன் தொடக்கம் மாற்றும் யன்னலுக்கு, சூடு எவ்வளவு வெளியே போகிறது என்று காட்டுகிற யூ பெறுமானம் 1.4க்கு மேல் போகக்கூடாது, அல்லது சக்தித் தரம் பி ஆவது இருக்க வேண்டும். யன்னல் பொருத்திய பிறகு லோ-ஈ உண்டா என்று நீயே பார்க்கலாம். இருட்டினதும் ஒரு லைட்டரைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடி. நாலு சுவாலை தெரியும், ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிய வேண்டும். நாலும் ஒரே நிறமென்றால் பூச்சில்லாத கண்ணாடி. மூன்று கண்ணாடி யன்னலுக்கு உன்னைத் தள்ளப் பார்ப்பார்கள். கூரைக்குள் சூடு காக்கிற கம்பளி போடாத வீட்டுக்கு அந்தக் காசைக் கூரைக்குக் கொடுப்பதுதான் புத்தி. தெருச் சத்தம் தாங்க முடியவில்லை என்றால் ஒரு பக்கம் நடுவில் மெல்லிய படலம் வைத்து ஒட்டின லாமினேற் கண்ணாடி, மறுபக்கம் வேறு தடிப்பு என்று கேள்.

நிலத்திலிருந்து 800 மில்லிமீற்றருக்குள் வருகிற யன்னல் கண்ணாடியும், கதவிலும் கதவின் இரு பக்கமும் 300 மில்லிமீற்றருக்குள்ளும் 1500 உயரம் வரை வருகிற கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். மூலையில் முத்திரை பொறித்திருக்கும், தேடிப் பார். மேல் படுக்கையறைகளில் தீ வந்தால் யன்னலால் வெளியேற வேண்டி வரலாம். திறக்கிற வெளி 0.33 சதுர மீற்றர், அகலமும் உயரமும் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல், அதன் அடி நிலத்திலிருந்து 1100க்கு மேலே போகாமல் இருக்க வேண்டும். மேலே சின்னக் கதவு மட்டும் திறக்கிற யன்னல் மலிவு என்று வாங்கிவிடாதே. பக்கவாட்டில் முழுதாகத் திறக்கிற பிணைச்சல் போட்டது கேள். குழந்தைகள் வந்து தங்கும் அறை அது. ட்ரிக்கிள் வென்ட், அதாவது பிரேமில் இருக்கிற சிறு காற்றுத் துவாரம், பழைய யன்னலில் இருந்தால் புதிதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் காற்றோட்டம் முன்பைவிடக் குறையக் கூடாது என்பது விதி, ஆகையால் போடுவித்துக்கொள். படுக்கையறைக்கும் குசினிக்கும் 8000 சதுர மில்லிமீற்றர், குளியலறைக்கு 4000. இறுக்கமான புது யன்னல் காற்றை அடைத்தால் மூலையில் பூஞ்சணம் வரும்.

இனி ஆளைத் தெரிவு செய்வது. மூன்று இடத்தில் விலை எடு, மூன்றிலும் ஒரே கண்ணாடி, ஒரே எண்ணிக்கை யன்னல் இருக்கிறதா என்று ஒப்பிடு. ஃபென்சா அல்லது சேர்ட்டாஸ் என்கிற யன்னல் வேலைக்காரர் பதிவமைப்பில் பதிந்தவரா என்று அவர்களின் பட்டியலில் நீயே தேடு. அவர்களின் வான் வண்டியில் ஒட்டிய முத்திரையை நம்பாதே. 2002 ஏப்ரல் தொடக்கம் மாற்றின யன்னலுக்கு அந்தப் பத்திரமோ கவுன்சிலின் அனுமதியோ வேண்டும், வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார். பிறகு கம்பனிகளின் அரசுப் பதிவகமான கம்பனிஸ் ஹவுஸில் பெயரைப் போட்டுப் பார், காசு கேட்காது. எத்தனை வருடமாக நடக்கிறது, இதே இயக்குனர்கள் முன்பு வேறு பெயரில் கம்பனி வைத்து மூடியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். கம்பனி மூடினால் அவர்களின் 10 வருட உத்தரவாதமும் அதோடு போய்விடும். அதனால்தான் காப்புறுதியோடு சேர்ந்த உத்தரவாதம் கேட்க வேண்டும். எந்தக் காப்புறுதி நிறுவனம், உன் பெயரில் எப்போது பத்திரம் வரும் என்று எழுத்தில் வாங்கு. யன்னல் பொருத்துகிறவர்கள் அவர்களின் சொந்த ஆட்களா, அன்றாடம் கூலிக்கு எடுத்தவர்களா என்றும் கேள். ஐந்து வருடத்துக்கு முன் யன்னல் பொருத்தின வீடொன்றைக் காட்டச் சொல். புது வேலை எல்லாம் வடிவாகத்தான் தெரியும்; ஐந்து குளிர்காலம் கண்ட யன்னலைப் பார்த்தால்தான் கை தெரியும்.

சனிக்கிழமை நடக்கப்போவதைச் சொல்லி வைக்கிறேன். முதலில் பெரிய விலை சொல்வார்கள். பிறகு மனேஜருக்குப் போன் எடுத்து, இன்றைக்கு மட்டும் என்று பாதியாகக் குறைப்பார்கள். பாதி விலைக்குத் தர முடிந்தால் முதல் சொன்னது விலையே இல்லை. 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்தானே என்று நினைக்காதே: உன் வீட்டு அளவுக்கென்று செய்கிற சாமானுக்குச் சட்டத்தின் அந்த உரிமை கிடையாது. அவர்களாக எழுதித் தந்தால்தான் உண்டு. அரசு வற் வரியைத் தள்ளிவிட்டது என்றாலும் நம்பாதே, யன்னலுக்கு வற் 20 சதவீதம்தான்.

முற்பணம் கால்பங்குக்கு மேல் கொடுக்காதே, அதையும் கிரெடிட் கார்டில் கொடு. 100 பவுணுக்கு மேலே, 30,000 பவுணுக்குள் விலை என்றால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டினாலே முழுவதற்கும் கார்டுக் கம்பனி பொறுப்பு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அது.

யன்னல் பொருத்தும் நாளில் வீட்டில் நில். 2000க்கு முன் கட்டின வீடு, சீலிங் பூச்சிலும் கூரை ஓரப் பலகையிலும் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். துளைக்க முன் சோதித்தார்களா என்று கேள். புதுப் பிரேம் சுவர் வெளியைவிடப் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீற்றரளவு சிறிதாக இருப்பது சரி. திருகாணி மூலையிலிருந்து 150 முதல் 250க்குள் தொடங்கி, இடையே 600க்கு மேல் போகாமல் வர வேண்டும். திருகாணி போகிற இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு வைக்காமல் இறுக்கினால் பிரேம் வளையும், கதவு சிக்கும். ஃபோம் இடைவெளியை அடைக்கத்தான், பிடிப்பதற்கில்லை. கண்ணாடி போடும்போது பக்கத்தில் நின்று பார்: திறக்கிற கதவில் ஆப்பு கீழே பிணைச்சல் பக்க மூலையிலும், அதற்குக் குறுக்கே மேலே கைபிடிப் பக்க மூலையிலும் போக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஆறு மாதத்தில் கதவு தொங்கி, கைபிடிப் பக்கம் பிரேமில் இடிக்கும். பிறகு பிணைச்சலைக் குறை சொல்வார்கள்.

மீதிக் காசு கொடுக்க முன் ஒவ்வொரு யன்னலையும் திறந்து பூட்டு, சாவி இருக்கிறதா பார், மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு குறுக்களவும் சமமா என்று அளந்து பார், வடிகால் துளைகளில் தண்ணீர் ஊற்று, ஏ4 தாளை மறுபடி வைத்து இழு. குறை இருந்தால் எழுதி, திகதி போட்டு, அவர்களின் கையெழுத்தும் வாங்கு. வேலை முடிந்து 30 நாளுக்குள் ஃபென்சா பத்திரம் வர வேண்டும், வராவிட்டால் காத்திராமல் போன் எடு.

சனிக்கிழமை வருகிறவரிடம் பே போல் எங்கே நிற்கும் என்ற கேள்வியை முதலில் கேள். அவர் சொன்னதை அப்படியே எழுதி, விலைத்தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. மற்ற இரண்டு பேரும் வந்து போகட்டும், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா