அப்பா காரை வித்தாச்சு, நீ அட்வான்ஸ் குடுத்துடாத

மாப்ள,

நாலு மாசமா ஒரு வரி கூட போடல, தப்புதான், திட்டணும்னா நேர்ல பாக்கும்போது திட்டிக்க. இப்ப எழுதறதுக்குக் காரணம் உன் வாய்ஸ் நோட். "டெல்லி வண்டி, 2017 டீசல், இங்க உள்ள விலைய விட ஒன்றரை லட்சம் கம்மி, ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ்"னு நீ குதிக்கறத கேட்டதும் எனக்குத் தூக்கம் போச்சு. போன்ல சொன்னா நீ என்னைய பேசவே விடமாட்ட. முழுசா படி, ரெக்கார்ட் நோட் எழுதின மாதிரி கடைசி பக்கத்துக்குத் தாவாத.

மொதல்ல எங்க வீட்டுக் கதை. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் ஆனதுல இருந்து ராத்திரில எதிர் லைட் கூசுதுன்னு ஸ்விஃப்ட்ட எடுக்கறதே இல்ல. ஒரு நாள் சாவிய என் கைல குடுத்து "வித்துரு, ஆனா நியாயமான விலைக்கு"ன்னார். அந்த நியாயமான விலை எதுன்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு மாசம் நாயா அலைஞ்சேன் மாப்ள.

2015 பெட்ரோல், சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர். இன்சூரன்ஸ் பேப்பர்ல ஐடிவி, அதாவது கம்பெனி வண்டிக்குப் போட்டு வச்சிருக்கற மதிப்பு, 2,35,000னு இருந்துச்சு, சரி இதான் விலைன்னு நெனச்சேன். இல்லையாம். வண்டிக்கு அஞ்சு வயசு ஆகற வரைக்கும்தான் அதுக்கு அட்டவணை, ஆறு மாசத்துல 5 சதவீதம் கழிவுல ஆரம்பிச்சு அஞ்சாவது வருஷம் 50 சதவீதம், அதுக்கப்புறம் கம்பெனியும் நாமளும் பேசி வச்சுக்கற நம்பர்தான். சரின்னு ஆன்லைன் விளம்பரத்தப் பாத்தா அதே மாடல் 4,60,000ன்னு போட்டிருக்கான். எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம மெக்கானிக் பாய்தான் "தம்பி அது கேக்கற விலை, கைமாறின விலை இல்ல, அந்த வண்டி மூணு மாசமா அங்கயேதான் நிக்குது"ன்னார். பழைய கார் வாங்கி விக்கற கன்சல்டிங்காரர் ஒருத்தர் ஆகஸ்ட்ல 3,80,000 தரேன்னவர் அக்டோபர்ல போனா 3,10,000ங்கறார். ஏன்னு கேட்டா, 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி செஸ்ஸோட சேத்து 29 சதவீதத்துல இருந்து 18க்கு எறங்கிருச்சு, புது வண்டியே கம்மியா கெடைக்கும்போது பழசுக்கு எவன் அந்த ரேட் குடுப்பான்ங்கறார். அதுல நியாயம் இருக்கு. ஆனா அவரு கழிச்ச 70,000 முழுசும் ஜிஎஸ்டியா, இல்ல என் அவசரத்தப் பாத்து போட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும் சொல்லு?

கடைசில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கடை வச்சிருக்கற ஒரு பையன் வந்தான். மொதக் கார். நான் 3,80,000 சொன்னேன், அவன் வண்டிய ஒழுங்காப் பாக்கக் கூட இல்ல, மூணு லட்சம்னான். எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. அப்ப அப்பா உள்ள இருந்து ஒரு வெள்ளப் பேப்பர எடுத்துட்டு வந்து அவன் கைல குடுத்தார். அவரு கையெழுத்து, பரீட்ச பேப்பர் திருத்தற மாதிரி நம்பர் போட்டு. 2019ல விராலிமலைகிட்ட முன்னாடி போன வண்டில இடிச்சது, எடது பக்க ஏப்ரன்ல (முன் சக்கரத்துக்கு மேல உள்பக்கத் தகடு) டிங்கர் வேலை பாத்தது, நாலு டயரும் 2018 தயாரிப்பு, கிளட்ச் இறுகிப்போச்சு. நான் அவர முறைக்கறேன், அவரு கண்டுக்கவே இல்ல. பாய கூப்ட்டு விலை போடச் சொன்னார். டயருக்கு 20,000, கிளட்ச்சுக்கு 8,000, இடிச்சதுக்கு ரேட் கார்டு எல்லாம் கெடையாது, ஆனாலும் 12,000 கழிச்சுக்கங்கன்னார் பாய். ஆக 3,40,000.

அந்தப் பையன் ஒரு ரூபா கூட பேரம் பேசல மாப்ள. "சார், இதுக்கு முன்னாடி ஆறு வண்டி பாத்துட்டேன், எல்லாரும் ஒரு வேலையும் இல்ல எடுத்து ஓட்ட வேண்டியதுதான்னாங்க. எது பொய்னு தெரியல, அதான் எல்லாருக்குமே மூணு லட்சம்னு கேட்டுட்டிருந்தேன்"னான். அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதே நெனப்பு. எவனோ கிலோமீட்டர் மீட்டர திருப்பி வச்சு வித்ததுக்கு எங்கப்பா மாதிரி ஆளோட 3,40,000 வண்டிய மூணு லட்சத்துக்குக் கேக்கறாங்க.

பேர் மாத்தாம ஒரு நாள் கூட விடக்கூடாதுன்னு ஃபாரம் 29, 30 எல்லாம் போட்டு ஆர்டிஓ ஆபீசுக்கு அப்பாவே கூட வந்தார். வித்ததுக்கப்புறமும் ஆர்சில (வண்டிப் பதிவுச் சான்று) நம்ம பேர் இருந்து வண்டி யாரையாவது இடிச்சா நஷ்டஈடு நம்ம தலைலதான், 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். அந்த வண்டி ஏன் கம்மின்னு யோசிச்சியா? டெல்லில 10 வருஷத்துக்கு மேல டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு ஒரு கெடு வச்சிருந்தாங்க, அந்தப் பயத்துல தள்ளிவிடறாங்களா இருக்கும். அது பரவால்ல, வண்டி நல்லாவே இருக்கலாம். ஆனா என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ குடுக்கற ஆட்சேபணை இல்லங்கற சான்று), இங்க லைஃப் டாக்ஸ், புது நம்பர், கொண்டுவர்ற செலவு எல்லாத்தையும் கூட்டி ஒரு நம்பர் எழுது. அத நம்ம ஊர்ல ஒரு சிங்கிள் ஓனர் வண்டி நெஜமாவே கைமாறின விலையோட வச்சுப் பாரு. ஒன்றரை லட்சத்துல எவ்வளவு மிஞ்சுதுன்னு தெரிஞ்சுரும்.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, அடில சேத்துக் கறை இருந்தா தண்ணில நின்ன வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்துல முங்கின சென்னை வண்டிய நம்ம குண்டு வாங்கிட்டு பட்ட பாடு மறந்துருச்சா? எல்லாக் கண்ணாடிலயும் போட்டிருக்கற தயாரிப்பு வருஷம் ஒண்ணுதானா பாரு. பானட் தெறந்து ஃபெண்டர் (முன் சக்கரத்து மேல மூடற வெளித் தகடு) போல்ட்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கான்னு பாரு, உரிஞ்சிருந்தா ஸ்பானர் பட்டிருக்குன்னு அர்த்தம். அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டு லோனுக்கு அடமானத்துல இருக்கா பாரு. சர்வீஸ் பில் ஒவ்வொண்ணுலயும் கிலோமீட்டர் எவ்வளவுன்னு வரிசையா எழுதி எனக்கு அனுப்பு. குடுக்க மாட்டேன்னா எந்திரிச்சு வந்துரு.

சனிக்கிழமை நானும் பாயும் ஓசூர் வரோம், அவருகிட்ட பேசிட்டேன். தங்கச்சிகிட்ட சாப்பாடு எல்லாம் வேணாம்னு சொல்லு, அப்பறம் நீ சமைக்கவே சமைக்காத. அப்பா ரெண்டு நாளா சாயங்காலம் ஆனா வாசல்ல காலி எடத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கார். நேரம் கெடைச்சா அவருக்கு ஒரு போன் போடு.

உன் மாப்ள

ஞாயித்துக்கிழமை வரைக்கும் பர்ஸத் தெறக்காத.