சிவகாசி காலண்டர் அச்சகத்தாருக்கு: அக்டோபர் 2 தாளில் ஒரு வரி

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் அச்சக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மளிகைக் கடை அண்ணாச்சி வருஷா வருஷம் தரும் காலண்டர்தான் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஓசியில் வந்ததற்குக் குறை சொல்கிறானே என்று நினைக்காதீர்கள்.

2025 அக்டோபர் 2-ஆம் தேதித் தாளைக் கிழித்த பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை, புரட்டாசி 16. சிவப்பில் காந்தி ஜயந்தி, அதன் கீழே விஜயதசமி. ராகு காலம் 1.30–3.00, சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். என் ராசிக்கு 'வரவு' என்று போட்டிருந்தது. (வரவில்லை.) எங்கு தேடியும் காமராஜர் பெயர் மட்டும் இல்லை. 1975-இல் இதே அக்டோபர் 2, அதுவும் ஒரு வியாழக்கிழமை. சென்னை திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சரியாக 50 வருஷம் ஆன நாளின் தாள் இது.

வேறு ஊரில் அச்சானதாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். அவர் பிறந்தது உங்கள் விருதுநகரில். 1957-இலும் 1962-இலும் ஜெயித்தது உங்கள் பக்கத்து சாத்தூரில். உங்கள் மாவட்டமே கொஞ்ச காலம் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில்தான் இருந்தது.

அவருக்கு அந்தத் தேதியோடு இன்னொரு கணக்கும் உண்டு. கட்சி வேலைக்குப் போகிறேன் என்று 1963-இல் முதலமைச்சர் நாற்காலியை அவர் விட்டு இறங்கியதும் அக்டோபர் 2-இல்தான். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிக்கு உழைக்க வேண்டும் என்ற அவருடைய திட்டத்தில் அதே ஆண்டு மத்திய அமைச்சர் பதவியை விட்டவர்களில் ஒருவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் பிறந்ததும் அக்டோபர் 2, 1904. அடுத்த ஆண்டு நேரு காலமானபோது கட்சித் தலைவராக இருந்த காமராஜர்தான் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டு சாஸ்திரியைப் பிரதமராக்கினார். சாஸ்திரி நமக்கு ரொம்பத் தூரத்து ஆளும் இல்லை. 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குத் தார்மீகப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை உதறியவர் அவர். அவர் பிறந்தநாளும் அந்தத் தாளில் இல்லை.

ஐ.நா. 2007-இல் இதே நாளை அகிம்சை தினமாக அறிவித்தது. இடமில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். காந்தி பெயரிலேயே அதுவும் அடங்கிவிடும்.

ராகு காலத்தை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். தாளின் அடியில் தினமும் ஒரு பொன்மொழி போடுகிறீர்களே, அந்த ஒரு நாள் மட்டும் அதற்குப் பதிலாக 'சாஸ்திரி பிறந்தநாள், காமராஜர் நினைவுநாள்' என்று போட்டால் போதும். மை கூடுதலாகாது, தாளும் கூடுதலாகாது.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். அதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டுமே என்றுதான் இப்போதே எழுதுகிறேன். எழுத்து பொடிசாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவிடம் கண்ணாடி இருக்கிறது.

இப்படிக்கு,
தினமும் தாள் கிழிப்பவன்