வைகாசியில் வா

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. பண்டாரவளைக் குளிரையும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவையும் பற்றி நீ எழுதியதைப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். சின்னவன் உடனே, "எங்கட ஊரில என்னப்பா இருக்கு?" என்று கேட்டான். முத்தையன்கட்டுக் குளக்கட்டுத்தான் எங்களுக்கு மலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தைப்பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கோபிக்காதே, வேண்டாம். காலபோக நெல் அன்றைக்குப் பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். பொங்கிப் படைத்த கையோடு அண்ணாந்து மேகத்தைப் பார்க்கிற நாள் அது. அந்த நேரம் ஒரு மழை அடித்துப் பெய்தால் கதிர் சாய்ந்து, நெல் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். இரவில் ஆனை வரும். ஆனைவெடியோடு பரணில் ஒருவன் முழித்திருக்க வேண்டும். அப்படி இருக்கிறவன் உன்னை எப்படிக் கவனிப்பான்?

எங்கள் வீட்டுக்குள் புது நெல் வருவது தைப்பூசத்தன்றுதான். அம்மா இன்னும் புதிர் எடுக்கிறா. விடியக் குளித்துவிட்டு வயலுக்குப் போய், ஒரு பிடி கதிர் அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து சாமியறையில் வைப்பா. பிறகு நாலைந்து நெல்லை நகத்தால் உரித்து, உலையில் போடுகிற அரிசியோடு கலப்பா. மற்றதெல்லாம் மெசின் வேலை. அறுத்த கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மாடு விட்டு மிதித்து, "பொலி, பொலி" என்று கூவிய காலம் போய்விட்டது. காலையில் மெசின் இறங்கினால் மத்தியானம் நெல் ரோட்டோரத்தில் காய்கிறது. ஈரம் என்று சொல்லி வியாபாரி எடையில் கழிக்கிற கதையை நேரில் சொல்கிறேன், எழுதத் தாள் போதாது.

ஆகவே வைகாசியில் வா. கடனைக் கொடுத்து, விதைநெல்லை எடுத்து வைத்து, சனம் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். ஒரு கிழமைக்கு முன்னரே சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். கிழவியாக வந்த அம்மன், எண்ணெய் இல்லை என்ற மாட்டுக்காரப் பொடியன்களிடம் கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னா என்பது கதை. நீ கணக்கு வாத்தியார், நம்பமாட்டாய். பரவாயில்லை, வந்து பார். காவடி, தூக்குக்காவடி, பாற்செம்பு என்று சனம் வந்துகொண்டே இருக்கும். மணலில் பாய் விரித்து, கல் மூன்றை வைத்துப் புக்கை பொங்கி, விடியும்வரை அங்கேதான். நந்திக்கடல் காற்று புகையை நேரே கண்ணுக்குள் கொண்டுவந்து விடும், அது ஒன்றுதான் கரைச்சல்.

அந்தக் கடலுக்கு மற்றக் கரைதான் முள்ளிவாய்க்கால். 2009 போரில் செத்தவர்களை நினைத்து மே 18 இல் அங்கே கஞ்சி கொடுப்பார்கள். சில வருசம் அதை ஒட்டியே இந்தப் பக்கம் பொங்கலும் வரும். அம்மா இரண்டுக்கும் ஒரே சேலையைத்தான் உடுத்திக்கொண்டு போவா. ஏன் என்று நான் கேட்டதில்லை.

வழி சொல்கிறேன். மாங்குளம் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடு. அங்கே விற்கிற கச்சான் கடலை ஆசையில் முறிகண்டி வரை போய்விடாதே, அது இன்னும் வடக்கே. வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் வரும். பக்கத்தில் கற்சிலைமடு, வன்னியை ஆண்ட பண்டார வன்னியனை 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரன் கல் நட்ட இடம். இன்றைக்குச் சிலை இருப்பது தோற்றவனுக்கு! மறுநாள் உன்னை அங்கே கூட்டிப்போகிறேன்.

பாலைப்பழமும் அப்போது பழுக்கத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வை: பால் உதட்டில் பசை போல ஒட்டும், தேங்காய் எண்ணெய் தடவினால்தான் விடும்.

அப்புறம், சனிக்கிழமையே வந்துவிடு. திங்களன்று பஸ்ஸில் கால் வைக்க இடமிராது. வரும்போது கொஞ்சம் கரட்டும் லீக்ஸும் கொண்டுவா. இங்கே வாடி வதங்கித்தான் வருகிறது என்று அம்மாவுக்கு ஒரே குறை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி